மலைக்கு இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் ஒன்று: வீட்டுப் படங்களையும் பத்திரங்களையும் நாமே காக்கும் வழி

2022 மே மாதம் ஒரு சாயங்காலம், செங்கோட்டையில் எங்கள் தெருவில் இடி விழுந்தது. டிவி, மோடம், கம்ப்யூட்டர் மூன்றும் போயின. கம்ப்யூட்டரில் செருகியிருந்த ஹார்டு டிஸ்கும் கூடவே கருகியது. அந்த டிஸ்க்தான் எங்கள் பேக்கப். ஆச்சியின் குரல் பதிவு, அக்கா கல்யாணப் படங்கள், தாத்தா காலத்துப் பத்திரங்களின் ஸ்கேன் என்று எல்லாவற்றுக்கும் கம்ப்யூட்டரில் ஒன்றும் டிஸ்கில் ஒன்றுமாக இரண்டு பிரதி இருந்தன. ஆனால் இரண்டும் ஒரே கரண்டில் தொங்கிக்கொண்டிருந்தன. பத்திரங்களை மறுபடி ஸ்கேன் செய்துகொண்டோம். கல்யாணப் படங்களில் பாதி உறவினர்களிடமிருந்து திரும்பி வந்தன. ஆச்சியின் குரல் வரவில்லை.

அதற்குப் பிறகு எட்டு மாதம் தட்டுத்தடுமாறி, யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் உரிமையுள்ள கட்டற்ற மென்பொருள்களைக் கொண்டு வீட்டிலேயே ஓர் ஏற்பாடு செய்தேன். கணினி வேலை என் தொழில் இல்லை. நான் இழந்த எட்டு மாதத்தை நீங்கள் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் முடிக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். கட்டளைகளை இங்கே தரவில்லை. அவை பதிப்புக்குப் பதிப்பு மாறும், அந்தந்த மென்பொருளின் ஆவணப் பக்கத்தில் பார்த்துச் செய்வதே சரி. எந்த வரிசையில் செய்வது, எங்கே கால் இடறும் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

1. முதலில் கணக்கெடுங்கள்

ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் எந்தெந்தப் போனில், எந்தெந்த மெமரி கார்டில், யாருடைய கூகுள் கணக்கில் என்னென்ன இருக்கிறது, எத்தனை ஜி.பி. என்று எழுதுங்கள். எங்கள் வீட்டில் மொத்தம் 350 ஜி.பி. வந்தது. அதன்பின் ஒவ்வொன்றுக்கும் எதிரே, இது தொலைந்தால் வேறெங்காவது கிடைக்குமா என்று குறியுங்கள். சினிமாவும் பாட்டும் மறுபடி கிடைக்கும், அவற்றுக்கு பேக்கப் இடம் ஒதுக்க வேண்டாம். வில்லங்கச் சான்று, பட்டா போன்றவற்றை அரசு இணையதளத்தில் திரும்ப எடுக்கலாம். படமும் குரலும் நமக்கு நாமே எழுதிவைத்த குறிப்பும்தான் எங்குமே கிடைக்காதவை. அவற்றுக்காகத்தான் இவ்வளவு பாடும்.

வாட்ஸ்அப் ஃபோல்டரை இப்போதே சுத்தம் செய்துவிடுங்கள். அதில் வரும் படங்கள் சுருக்கப்பட்டவை, எடுத்த தேதியும் கழன்றுபோயிருக்கும். கல்யாணப் படம் அனுப்பிய உறவினரிடம் கேட்டு, மூலப் படத்தை ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.

2. என்ன வாங்க வேண்டும், எவ்வளவு ஆகும்

2024 இல் நான் செலவழித்தது இது. பழைய லேப்டாப் ஒன்று, 8 ஜி.பி. ரேமுடன், 11,000 ரூபாய். அதற்குள் போட 240 ஜி.பி. எஸ்.எஸ்.டி. 1,700 ரூபாய். 2 டி.பி. வெளி ஹார்டு டிஸ்க் மூன்று, ஒன்று 6,000 வீதம் 18,000 ரூபாய். மோடத்துக்கு 12 வோல்ட் சின்ன யூ.பி.எஸ். 1,600 ரூபாய். லேன் கேபிள் 250 ரூபாய். மொத்தம் 32,550. வீட்டில் பழைய லேப்டாப் சும்மா கிடந்தால் 11,000 மிச்சம்.

புதிதாக மினி கம்ப்யூட்டர் வாங்கத் தோன்றும். நம் பக்கத்துக்கு லேப்டாப்பே மேல், ஏனென்றால் அதன் பேட்டரியே யூ.பி.எஸ். ஆகிவிடும். சாரல் காலத்தில் கரண்டு போய்ப் போய் வரும்போது இதன் அருமை தெரியும். ஆனால் பேட்டரி உப்பியிருந்தால் கழற்றி அப்புறப்படுத்துங்கள். இருபத்து நாலு மணி நேரமும் ஓடும் இயந்திரத்தில் உப்பிய பேட்டரி தீ விபத்துக்கு வழி.

என் லேப்டாப் சும்மா இருக்கும்போது சுமார் 15 வாட் இழுக்கிறது. மாதம் 10.8 யூனிட், இரண்டு மாத பில்லில் 22 யூனிட் அளவு கூடும். தமிழ்நாட்டில் இரண்டு மாத உபயோகம் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறும். நீங்கள் ஏற்கெனவே 480, 490 என்று ஓடும் வீடு என்றால் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

பணம் மிச்சமாகும் என்று இதில் இறங்காதீர்கள். டிஸ்குகளை ஐந்தாறு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிவரும். பொருள் நம் கையில் இருக்கும், நம் வீட்டார் முகங்கள் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கும் என்பதற்காகச் செய்வது இது.

மூன்று டிஸ்கையும் ஒரே நாளில் ஒரே கடையில் ஒரே மாடலாக வாங்காதீர்கள். ஒரே தொகுப்பில் வந்தவை ஒரே சமயத்தில் பழுதாகலாம். பில்லையும், டிஸ்கின் பின்னால் உள்ள வரிசை எண்ணையும் படமெடுத்து வையுங்கள். வாரண்டி கேட்கப் போகும்போது முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

3. டிஸ்கைச் சோதித்த பிறகே நம்புங்கள்

16 டி.பி. என்று எழுதி மிகக் குறைந்த விலைக்கு விற்கும் டிஸ்குகள் போலி. உள்ளே சின்ன மெமரி கார்டுதான் இருக்கும். எழுதும்போது ஏற்றுக்கொள்ளும், படிக்கும்போது பழைய கோப்புகள் இருக்காது. நல்ல கடையில் வாங்கினாலும் ‘எஃப்3’ என்ற கருவியால் டிஸ்கை முழுக்க நிரப்பிப் படித்துப் பாருங்கள். 2 டி.பி. டிஸ்குக்கு எழுத ஆறு மணி, படிக்க ஆறு மணி ஆகும். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கலாம். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இதைச் செய்யுங்கள்.

பிறகு ‘ஸ்மார்ட்மான்டூல்ஸ்’ நிறுவி டிஸ்கின் உடல்நிலை அறிக்கையை எடுங்கள். அதில் 5, 197, 198 என்ற மூன்று எண்களுக்கு எதிரே மூல மதிப்பு பூஜ்யமாக இருக்க வேண்டும். புது டிஸ்கில் பூஜ்யம் இல்லையென்றால் அன்றே திருப்பிக் கொடுங்கள். பழைய டிஸ்கில் 197 ஏறத் தொடங்கினால் அதை மாற்றும் வேளை வந்துவிட்டது.

4. லேப்டாப்பைத் தயார் செய்தல்

‘டெபியன்’ என்ற லினக்ஸ் இயங்குதளத்தை பென் டிரைவில் எழுதி நிறுவுங்கள். நிறுவும்போது டெஸ்க்டாப் வேண்டாம், வேறு கணினியிலிருந்து உள்ளே நுழைய உதவும் எஸ்.எஸ்.எச். சர்வர் மட்டும் போதும். ஒரு மணி நேர வேலை. முடிந்ததும் செய்ய வேண்டியவை:

மூடியை மூடினால் தூங்காதபடி அமைப்பை மாற்றுங்கள். இதை மறந்துவிட்டு இரண்டு நாள் நெட்வொர்க்கில் கோளாறு தேடிக்கொண்டிருந்தேன்.

மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் லேப்டாப்புக்கு நிரந்தர உள்முகவரி ஒதுக்குங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் முகவரி மாறக்கூடும், வீட்டார் போன்கள் அதைத் தேடிக்கொண்டிருக்கும். வைஃபை வேண்டாம், லேன் கேபிளிலேயே இணையுங்கள்.

மூன்று டிஸ்கில் எப்போதும் லேப்டாப்பிலேயே செருகியிருக்கும் வேலை டிஸ்கை, லினக்ஸின் இ.எக்ஸ்.டி.4 முறையில் ஃபார்மேட் செய்யுங்கள். கடையிலிருந்து வருவது பெரும்பாலும் என்.டி.எஃப்.எஸ். அல்லது எக்ஸ்ஃபேட் ஆக இருக்கும், அதை அப்படியே பயன்படுத்தினால் பின்னால் அனுமதிச் சிக்கல்கள் வரிசையாக வரும்.

இனி வரும் பொறி மிக முக்கியம். வெளி டிஸ்க் ஏதோ காரணத்தால் இணையவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்குக்கான ஃபோல்டர் மட்டும் காலியாக இருக்கும், மென்பொருள் அதில் எழுதத் தொடங்கும். அது எழுதுவது உள் எஸ்.எஸ்.டி.யில்! எஸ்.எஸ்.டி. நிரம்பி எல்லாம் நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது. டிஸ்கை அதன் அடையாள எண்ணால் (யூ.யூ.ஐ.டி.) குறிப்பிட்டு இணையுங்கள், அது இல்லாவிட்டாலும் லேப்டாப் துவங்கும்படி அமையுங்கள். டிஸ்கைக் கழற்றிய நிலையில், அந்தக் காலி ஃபோல்டரை ‘சாட்டர்’ கட்டளையால் யாரும் எழுத முடியாதபடி பூட்டிவிடுங்கள். பூட்டினாலும் டிஸ்க் அதன்மேல் வழக்கம்போல் இணையும். இணையாத நாளில் மட்டும் எழுத்து மறுக்கப்படும்.

5. படங்களுக்கு இம்மிச்

போனில் எடுக்கும் படம் தானாகவே வீட்டு லேப்டாப்புக்கு வந்து சேர ‘இம்மிச்’ நல்ல வழி. ஒரு மென்பொருளை அதற்குத் தேவையானவற்றோடு ஒரே பெட்டியாக ஓட்டும் ‘டாக்கர்’ மூலம் நிறுவ வேண்டும். டாக்கரை அதன் சொந்தக் களஞ்சியத்திலிருந்தே எடுங்கள். ஆல்பம், முகம், தேதி விவரங்களை வைத்திருக்கும் இம்மிச்சின் தரவுத்தளத்துக்கு பாஸ்வேர்டு வைக்கும்போது ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும் போதும், சிறப்புக் குறிகள் வேண்டாம் என்று ஆவணத்திலேயே இருக்கிறது. அதைப் படிக்காமல் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை இழந்தேன். தரவுத்தளத்தை உள் எஸ்.எஸ்.டி.யிலும் படங்களை வெளி டிஸ்கிலும் வையுங்கள்.

ஆண்ட்ராய்டு போன்களில் இம்மிச் செயலிக்குப் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கிவிடுங்கள். நீக்காவிட்டால் இரண்டு நாள் ஒழுங்காக ஏறும், பிறகு சத்தமில்லாமல் நின்றுவிடும். அம்மா போனில் மூன்று மாதப் படங்கள் ஏறாமல் கிடந்தது இப்படித்தான். ஐபோனில் வாரம் ஒருமுறை செயலியைத் திறந்துவைப்பது நல்லது.

முகங்களை அடையாளம் காணும் வேலை முழுக்க லேப்டாப்பிலேயே நடக்கும். முதலில் இரண்டு மூன்று நாள் விசிறி சத்தம் போடும், பிறகு அடங்கும்.

6. கூகுளில் கிடப்பதை இறக்குதல்

கணக்கில் உள்ளதை மொத்தமாக இறக்கித் தரும் ‘கூகுள் டேக்அவுட்’ பக்கத்தில் போட்டோஸ் மட்டும் தேர்ந்தெடுத்துக் கேளுங்கள். தயாராகச் சில மணி நேரமும் ஆகலாம், சில நாளும் ஆகலாம். தயாரானதாக மின்னஞ்சல் வந்தபின் பதிவிறக்க ஏழு நாள்தான் கெடு. ஊர்த் திருவிழா, கல்யாணம் உள்ள வாரத்தில் கேட்காதீர்கள். கோப்பு அளவு 50 ஜி.பி. வரை தேர்ந்தெடுக்கலாம். நான் 10 ஜி.பி. தான் சொல்வேன், இணைப்பு அறுந்தால் நஷ்டம் குறைவு.

இறக்கிய ஜிப் கோப்புகளைப் பிரிக்காதீர்கள். படம் ஒரு ஜிப்பிலும் அதன் தேதி, இடக் குறிப்பு இன்னொரு ஜிப்பிலும் இருக்கக்கூடும். ‘இம்மிச்-கோ’ என்ற கருவிக்கு எல்லா ஜிப்பையும் ஒரே தடவையில் கொடுத்தால் அது சேர்த்துவைத்து ஏற்றும். ஒவ்வொன்றாகக் கொடுத்தால் பல படங்கள் தேதி இழந்து இன்றைய தேதியில் போய் நிற்கும்.

இறக்கியதும் கூகுளிலிருந்து அழிக்க அவசரப்படாதீர்கள். கடைசிப் படியில் சொல்லும் மீட்பு ஒத்திகை முடியும்வரை அங்கேயே கிடக்கட்டும்.

7. பத்திரங்கள்

‘பேப்பர்லெஸ்-என்ஜிஎக்ஸ்’ என்ற மென்பொருள் ஸ்கேன் செய்த தாள்களில் உள்ள எழுத்தைப் படித்து, பின்னால் தேடித் தரும். நிறுவியவுடன் தமிழ் படிக்காது. அமைப்பில் தமிழையும் மலையாளத்தையும் சேர்க்கச் சொல்லி, படிக்கும் மொழியாக ஆங்கிலம், தமிழ், மலையாளம் மூன்றையும் குறிப்பிட வேண்டும். எங்களுக்கு மூன்றும் தேவை. அக்காவைக் கட்டிக்கொடுத்தது புனலூரில், அத்தான் வீட்டு நிலப் பத்திரங்கள் மலையாளத்தில் இருக்கின்றன. அச்சடித்த எழுத்தை நன்றாகப் படிக்கிறது. கையெழுத்துப் பத்திரங்களை நம்பத் தகுந்தபடி படிக்காது, அவற்றுக்குத் தலைப்பை நீங்களே தட்டச்சிடுங்கள். 300 டி.பி.ஐ. அளவில் ஸ்கேன் செய்தால் போதும்.

தேதியில் கவனம் வேண்டும். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்ததால், எங்கள் வீட்டுப் பழைய பத்திரங்களில் கொல்லம் ஆண்டுதான் இருக்கிறது. கோப்புக்குப் பெயர் வைக்கும்போது ஆங்கில ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள். சிங்க மாதம், அதாவது நம் ஆவணி தொடங்கி டிசம்பர் வரையான தேதிக்கு 824 கூட்டுங்கள், ஜனவரி முதல் ஆடி முடியும்வரை 825 கூட்டுங்கள். 1112 சிங்கம் என்றால் 1936. இதைச் செய்யாமல் விட்டால் பத்திரங்கள் எல்லாம் பன்னிரண்டாம் நூற்றாண்டில் போய் வரிசையில் நிற்கும், தேடினால் அகப்படாது.

ஸ்கேன் இருக்கிறதே என்று மூலப் பத்திரத்தை அலட்சியப்படுத்த வேண்டாம். பதிவு அலுவலகத்திலும் வங்கியிலும் மூலத்தைத்தான் கேட்பார்கள்.

8. வெளியூரிலிருந்து பார்க்க

வெளியிலிருந்து நேரே உள்ளே வர மோடத்தில் வாசல் (போர்ட்) திறக்காதீர்கள். பெரும்பாலும் திறக்கவும் முடியாது. மோடத்தின் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், பல வீடுகள் ஒரே பொது முகவரியைப் பங்கிட்டுக்கொள்கின்றன என்று அர்த்தம், வெளியிலிருந்து நேரே வர வழியில்லை. அதற்கு ‘டெயில்ஸ்கேல்’ எளிய வழி. லேப்டாப்பிலும் போன்களிலும் நிறுவினால் எல்லாம் ஒரே வீட்டு நெட்வொர்க் போல ஆகிவிடும். வீட்டு அளவுக்கு இலவசமாகவே கிடைக்கிறது.

அதன் நடுவண் சேவை கட்டற்றதில்லை. அது உறுத்தினால், அந்தச் சேவையை நாமே நடத்த ‘ஹெட்ஸ்கேல்’ இருக்கிறது, ஆனால் பொது முகவரியுள்ள ஓர் இயந்திரம் வாடகைக்கு வேண்டிவரும். முதல் வருடம் டெயில்ஸ்கேலிலேயே ஓட்டுங்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: டெயில்ஸ்கேலில் இயந்திரத்தின் சாவி 180 நாளில் காலாவதியாகும். எப்போதும் ஓடும் இயந்திரங்களுக்கு அந்தக் காலாவதியை நிர்வாகப் பக்கத்தில் நிறுத்திவிடுங்கள்.

9. பேக்கப்

இதுவரை செய்தது எதுவும் பேக்கப் ஆகாது. படங்கள் போனிலிருந்து லேப்டாப்புக்கு வந்திருக்கின்றன, அவ்வளவுதான். ‘சிங்க்திங்’ போன்றவற்றால் இரண்டு இயந்திரங்களில் ஒரே ஃபோல்டரை ஒத்திசைத்தாலும் பேக்கப் ஆகாது. இங்கே தவறி அழித்தால் அங்கேயும் அழியும். ஒன்றில் எழுதுவது மற்றதிலும் உடனே எழுதப்படும்படி இரண்டு டிஸ்கை ரெய்டில் இணைப்பதும் அப்படியே, ஒரு டிஸ்க் செத்தால் காக்கும், இடி விழுந்தால் காக்காது.

நான் பயன்படுத்துவது ‘ரெஸ்டிக்’. திரையில் பார்த்துச் செய்ய வேண்டும் என்றால் அதன்மேல் ‘பேக்ரெஸ்ட்’ நிறுவிக்கொள்ளலாம். ரெஸ்டிக் ஒவ்வொரு முறையும் மாறியதை மட்டும் எடுத்துக்கொள்ளும், பழைய நாட்களின் நிலையையும் வைத்திருக்கும், எல்லாவற்றையும் பாஸ்வேர்டால் பூட்டியே எழுதும். போன மாதம் தவறி அழித்த கோப்பை இன்று எடுக்க முடிவது இதனால்தான்.

எதை பேக்கப் எடுப்பது? இம்மிச்சில் படங்கள் உள்ள ஃபோல்டர்கள் வேண்டும். சிறுபடங்கள், மாற்றிய வீடியோக்கள் உள்ளவற்றை விட்டுவிடலாம், அவை மறுபடி உருவாகும். தரவுத்தளத்தின் நகலை இம்மிச் தினமும் அதிகாலை 2 மணிக்குத் தானே எடுத்து, தன் ‘பேக்கப்ஸ்’ ஃபோல்டரில் வைக்கிறது. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், அதற்குள் ஆல்பம், முகம், தேதி விவரங்கள்தான் உண்டு, படங்கள் கிடையாது. இரண்டும் சேர்ந்தால்தான் மீட்க முடியும். பேப்பர்லெஸ்ஸின் ஃபோல்டர்களையும் அதன் ஏற்றுமதி நகலையும் சேருங்கள். டாக்கர் அமைப்புக் கோப்புகளையும் சேருங்கள்.

இரண்டாவது டிஸ்க் எங்கள் வீட்டு மச்சில், மூடி இறுக்கமான டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இருக்கிறது. ஞாயிறு காலை எடுத்து லேப்டாப்பில் செருகி, பேக்கப் ஓடியதும் முறைப்படி விடுவித்து, கழற்றித் திரும்ப வைத்துவிடுவேன். வாராவாரம் கால் மணி நேரம். கழற்றி வைப்பது கட்டாயம். வானம் இருண்டிருந்தால் அன்று செய்யாதீர்கள், அடுத்த நாள் பார்த்துக்கொள்ளலாம். ஃபைபரின் கண்ணாடி இழை மின்னலைக் கடத்தாது, ஆனால் மோடத்தின் அடாப்டரும் லேன் கேபிளும் கடத்தும்.

எத்தனை நாள் பிரதிகள் வைப்பது? தினசரி 7, வாரம் 5, மாதம் 12 என்று வைத்திருக்கிறேன்.

ரெஸ்டிக் பாஸ்வேர்டு தொலைந்தால் யாராலும் திறக்க முடியாது. அதை உருவாக்கியவர்களிடம் கேட்டாலும் பயனில்லை.

10. மலை தாண்டும் பிரதி

மூன்றாவது டிஸ்க் புனலூரில் அக்கா வீட்டில். எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஆரியங்காவு மலை இருக்கிறது. இந்தப் பக்கம் விழும் இடியோ புகும் வெள்ளமோ அந்த டிஸ்கைத் தொடாது. உங்களுக்குக் குமுளியில் ஒரு சித்தப்பா, பாறசாலையில் ஒரு மைனி, சித்தூரில் ஒரு மாமா இருப்பார்கள். வேறு ஊர், வேறு மின்சாரம் என்பதே போதும்.

முதல் வருடம் எளிதாகவே செய்தோம். அக்கா வரும்போது ஒரு டிஸ்கைக் கொண்டுவருவாள், மச்சில் இருப்பதை எடுத்துப் போவாள். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதையே செய்யுங்கள். டிஸ்க் பூட்டியே இருப்பதால் ரயிலில் தொலைந்தாலும் உள்ளே இருப்பதை யாரும் பார்க்க முடியாது.

இப்போது அக்கா மகனின் பழைய லேப்டாப்பில் டிஸ்கைச் செருகி, டெயில்ஸ்கேல் வழியே ராத்திரியில் பேக்கப் போகிறது. அந்தப் பக்கம் ரெஸ்டிக் அனுப்புவதை வாங்கிவைக்கும் ‘ரெஸ்ட் சர்வர்’ வைத்து, சேர்க்க மட்டும் அனுமதி, அழிக்க அனுமதியில்லை என்று அமைத்திருக்கிறேன். என் லேப்டாப்பை வைரஸ் பிடித்தாலும் அங்கே உள்ளது நிற்கும். பழைய பிரதிகளைக் கழிக்கும் வேலையை அக்கா வீட்டுக்குப் போகும்போது அங்கிருந்தே செய்துகொள்கிறேன். சாவிக் காலாவதியை நிறுத்த மறந்தது முதலில் இந்த லேப்டாப்பில்தான். ஆறு மாதம் கழித்து ஒரு நாள் இணைப்பு போனது, நான் அதைக் கவனிக்கவே மூன்று வாரமானது.

முதல் பேக்கப்பை இணையத்தில் அனுப்பாதீர்கள். விநாடிக்கு 20 மெகாபிட் ஏற்றும் வேகத்தில் 350 ஜி.பி. போக 39 மணி நேரம் ஆகும், நடுவில் எத்தனை முறை கரண்டு போகுமோ. டிஸ்கை இங்கேயே செருகி மூன்று மணி நேரத்தில் நிரப்பி, கையில் எடுத்துப் போங்கள். நான் காலை ரயிலில், பதிமூன்று கண் பாலத்தைத் தாண்டி, மடியில் வைத்தே கொண்டுபோனேன். ஓடுகிற டிஸ்கைத்தான் அதிர்ச்சி கெடுக்கும் என்பார்கள், ஆனாலும் பைக்குள் துணி சுற்றி வையுங்கள்.

ஒரு பேக்கப் டிஸ்கை அப்படியே நகலெடுத்து இன்னொன்றாக்காதீர்கள். இதில் பழுது இருந்தால் அதற்கும் போகும். இரண்டிலும் தனித்தனிக் களஞ்சியம் தொடங்குங்கள்.

11. ஒரு தாள்

கையால் ஒரு தாள் எழுதுங்கள். ரெஸ்டிக் பாஸ்வேர்டு, லேப்டாப் பாஸ்வேர்டு, டெயில்ஸ்கேல் கணக்கு எந்த மின்னஞ்சலில் இருக்கிறது, எந்த டிஸ்க் எங்கே இருக்கிறது, என்ன மென்பொருளால் திறக்க வேண்டும் என்ற ஐந்தும் போதும். பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் குழப்பாமல் எழுதுங்கள். ஒரு பிரதி பீரோவில், மூலப் பத்திரங்களோடு. இன்னொரு பிரதி ஒட்டிய உறையில் அக்காவிடம். நான் இல்லாத நாளிலும் அம்மா அந்த உறையைக் காட்டி, விவரம் தெரிந்த யாரிடமாவது கேட்டால் படங்கள் கிடைக்க வேண்டும்.

12. மீட்டுப் பாருங்கள்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பேக்கப் எடுத்த லேப்டாப்பைத் தொடாமல், வேறொரு கணினியில் மச்சு டிஸ்கைச் செருகுங்கள். பாஸ்வேர்டைத் தாளைப் பார்த்தே தட்டச்சிடுங்கள். நினைவிலிருந்து அடித்தால் தாளில் உள்ள பிழை தெரியாது. என் முதல் ஒத்திகையில் தாளில் ஓர் எழுத்து தவறாக இருந்தது. பத்துப் படம், ஒரு வீடியோ, ஒரு பத்திரம், ஒரு குரல் பதிவு மீட்டு, ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள், வீடியோவைக் கடைசிவரை ஓட்டுங்கள். அதோடு ரெஸ்டிக்கின் சோதனைக் கட்டளையைத் தரவின் ஒரு பகுதியையாவது படிக்கும்படி ஓடவிடுங்கள்.

வருடம் ஒருமுறை, சாரல் தொடங்கும் முன் மே மாதத்தில், இம்மிச் முழுவதையும் வேறு கணினியில் மீட்டுப் பாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆகும். போன மே மாதம் புனலூர் டிஸ்கிலிருந்து மீட்டேன். ஆல்பங்கள், முகங்கள், பத்திரங்கள் எல்லாம் இருந்தன. மீட்டதை அழித்துவிட்டு, தேதியையும் எவ்வளவு நேரம் ஆனது என்பதையும் முதல் படியில் தொடங்கிய அதே நோட்டில் எழுதிவைத்தேன்.